தண்ணிக் கழிவு

சனிக்கிழமை மூடியைச் சரியாகத் திருகவில்லை.
பதுளை வண்டிக்கு நேரமாகிவிட்டது, அதுதான் காரணம்.
ஞாயிறு முழுக்க ஹந்தானையிலிருந்து இறங்கிய மூட்டம்
பேராதனை ஆய்வுகூடத்தின் உடைந்த கண்ணாடி வழியே வந்து
யாரையும் கேட்காமல்
சின்னக் குப்பிக்குள்ளும் போயிருக்கிறது.

திங்கள் காலை,
ஊதாவாக விட்டுப்போன படிகங்கள்
ரோசாவாகக் கிடந்தன.

போச்சு, என்றேன்.
ஐந்து மாதம்.
கோபால்ட் உப்பும் எதனாலும்
மேசைக்கு அடியில், அதிராமல், வெளிச்சம் படாமல் வைத்திருந்து
நெல்மணியில் பாதிகூட இல்லாத பதினேழு துண்டுகள்.
சமந்தி நுணுக்குக்காட்டியில் குனிந்தாள்.
நிமிராமலே, தன் பாதித் தமிழில் சொன்னாள்:
"வெடிக்க இல்ல. ஒண்ணும் வெடிக்க இல்ல."

கோபால்ட்டுக்கு ஆறு கை.
நான்கு சட்டத்தைப் பிடித்திருக்கும், விடாது.
மிச்ச இரண்டில் எதனால் இருந்தது.
அது கையை விட்டுக் காற்றோடு போக
நீர் வந்து பிடித்திருக்கிறது.
நிறம் அதனால்தான் மாறியது.
தன்னைப் பிடித்திருப்பது யாரென்று
உலோகத்துக்குத் தெரியும்.
சட்டத்தின் நடுவே வரிசை வரிசையாக வெற்றிடம்.
அங்கும் ஒன்று எழுந்துபோன இடத்தில்
இரண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.
திண்மம் என்கிறோம்.
உள்ளே இரவெல்லாம் ஆள் மாறியிருக்கிறது,
ஒரு சுவரும் விழவில்லை.

காம்பரா என்று சொல்லத்தான் நாக்கு வருகிறது.
சொல்லமாட்டேன்.
படிகத்தின் விளிம்பு, வருகிறவருக்காகக் கொஞ்சம் நகரும்.
பெரியது வந்தால் விரியும், போனால் சுருங்கும்.
எங்கள் காம்பரா
அண்ணன் கல்யாணத்தன்றும் பத்துக்குப் பன்னிரண்டுதான்.
குறுக்கே அம்மாவின் சேலை ஒன்றைக் கட்டினோம்.

மத்தியானம் நான்கு துண்டுகளைத் தராசுச் சூளையில் வைத்தோம்.
பாகை பாகையாய்ச் சூடேற்றி
மில்லிகிராமில் ஆயிரத்திலொன்று வரை நிறுக்கும் அது.
எண்பதில் கோடு சரியத் தொடங்கியது,
வெற்றிடத்து நீர்.
நூற்று நாற்பதில் இன்னொரு படி,
கைபிடித்திருந்த நீர்.
ஆறவிட்டுத் திறந்தபோது நீலம்.
சமந்தி எண்ணை வாசித்தாள்:
பதினான்கு தசம் இரண்டு வீதம்.

மறுபடி வாசி, என்றேன்.
வாசித்தாள்.
இன்னொரு தரம், என்றேன்.

பொகவந்தலாவையில், மேற்பிரிவுக் கொழுந்து மடுவத்தில்
தண்ணிக்கென்று கழிப்பார்கள்.
வெயில் நாளென்றால் இரண்டு கிலோ,
மழை நாளென்றால் நான்கு.
எந்தச் சூளையில் வைத்துக் கண்டார்கள்?
கணக்கப்பிள்ளையின் பென்சில்
கூடைப் பக்கம் திரும்பியதுகூட இல்லை.
பதினெட்டு கிலோ பறித்த அம்மா
பதினான்காய்ப் பதியப்பட்டு
அரைப்பேரோடு வீடு வந்த நாட்களில்
இடுப்புப் படங்கிலிருந்து வாசல்வரை சொட்டியதை
யாரும் நிறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை
மிச்சத் துண்டுகளைத் திரும்ப எதனாலில் இட்டேன்.
வியாழன் மாலைக்குள் ஊதா வந்துவிட்டது,
ஒன்றைத் தவிர.
அதன் நடுவில் மட்டும் ரோசா அப்படியே நிற்கிறது.
ஏனென்று தெரியவில்லை.
தெரியவில்லை என்றே ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன்.
சமந்தி அதை அடிக்கச் சொன்னாள், அடிக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை மூடியை இரண்டு தரம் திருகினேன்.
அப்படியும் கலபொட கடக்கும்வரை
விரல் நுனியில் சந்தேகம் இருந்தது.

வீட்டில் அம்மா கேட்டாள்,
அங்க என்னதான் புள்ள வேல.
கல்லுக்குள்ள இருக்கிற தண்ணிய நிறுக்கிறது, என்றேன்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.
"எத்தன கிலோ கழிக்கிறீங்க?"

அவள் சிரிக்கவில்லை.